மருதாசல வளைவு

அன்று மாலை அந்த அரங்கில் இருந்தவர்கள் நாற்பது பேர். மேடையில் ஐந்து: தலைமை தாங்க வந்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், சென்னையிலிருந்து வந்திருந்த கலை விமர்சகர் பேராசிரியர் அருள்நம்பி, ஸ்ரீ கோமளாம்பிகா மில் அதிபர் கோகுல், புத்தகம் போட்ட பதிப்பாளர், காலஞ்சென்ற ஓவியர் மருதாசலத்தின் மகள் சாருமதி. மேடைக்குக் கீழே மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்திய பெண் ஒருத்தி. போட்டோக்காரர் ஒருவர். புத்தக மேஜையில் ஒருவர். வராந்தாவில் போண்டாவுக்கும் காப்பிக்குமாக இருவர். வாசலில் வாட்ச்மேன். நாற்காலிகளில் இருபத்தொன்பது: முதல் வரிசையில் ஓவியர் வரைந்த பெரிய மனிதர்களின் வாரிசுகள் ஏழு பேர், ஓவியக் கல்லூரி மாணவர்கள் பதினொரு பேர், அவர்களை ஓட்டிக்கொண்டு வந்த ஆசிரியர் ஒருவர், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர், கோயமுத்தூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் வந்துவிடுகிற ஐந்து பேர், வெயிலுக்கு ஏசி கிடைக்குமே என்று நுழைந்த ஒரு தம்பதி, தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் அம்மாசை.

எண்ணிக்கையில் அம்மாசைக்கு முதல் தடவையே தப்பு வராது. இருந்தாலும் இரண்டு தடவை எண்ணுவார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனாலும் கோமளாம்பிகா மில் கிடங்கில் முப்பத்தாறு வருஷம் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை எண்ணி, ஒரு பேல் கூடினது குறைந்தது என்று ஒருவரும் சொல்லாமல் வெளியே வந்த மனுஷன். இன்றைக்கு மூன்றாவது தடவையும் எண்ணினார். அது சந்தேகத்தில் அல்ல, பயத்தில். நாற்பதில் தன்னைக் கழித்தால் முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது பேரும் கண் தெரிகிறவர்கள். அவருடைய இடது கை மடியில் கிடந்த மஞ்சள் பைக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. பைக்குள் வேறு சாமான் எதுவும் இல்லை, கை மட்டும்தான். புறப்படும்போதே மனைவி மாராத்தாள் சொன்னாள், "கையை ஜோப்புல போட்டுக்க." வேட்டிக்கு ஏது ஜோப்பு? சட்டை ஜோப்பில் கையை விட்டால் நெஞ்சு வலிக்காரன் மாதிரி இருக்கும், யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடைசியில் அவளேதான் இந்தப் பையைக் கொடுத்தாள். "உள்ள என்ன இருக்குதுன்னு கேட்டா?" "கேக்கறவன் கிட்ட நீ எப்பப் பேசியிருக்கற, இன்னைக்குப் பேச?" அதுவும் சரிதான். ஆனால் இப்போது பைக்குள் கை வேர்த்து, சுண்டுவிரல் அரித்தது. எழுபத்தெட்டு வயதில் ஒரு விரலை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது திருட்டு மாங்காய் வைத்திருப்பது போல இருந்தது. போனில் சாருமதி கூப்பிட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அம்மாசையண்ணா, அப்பா போட்ட படமெல்லாம் ஒண்ணு விடாம புத்தகமா வருதுங்கண்ணா. மூணாவது பிரதி நீங்கதான் வாங்கோணும். அப்பாவோட பழகுனவங்கள்ல மீதி இருக்கறது நீங்க ஒருத்தர்தான்." அவர் மறுப்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது வாய் தானாக, "சரிங்க அம்மிணி" என்றது. கூச்சக்காரனுக்கு வாய் எப்போதும் இப்படித்தான், வேண்டாம் என்பதற்குள் சரி என்றுவிடும்.

பேராசிரியர் எழுந்து மைக்கைத் தட்டினார். விளக்கை அணைத்தார்கள். அம்மாசைக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. இருட்டில் கை கையாக இருக்கலாம். ஆனால் மேடைக்குப் பின்னால் வெள்ளைத் திரையில் வெளிச்சம் விழுந்தது, அதில் பழைய முதலாளி கோவர்த்தனம் கோட்டுப் போட்டுக்கொண்டு தேக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் ஏதோ பொத்தானை அமுக்க, படம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலாளியின் தலை மேலே போய் மறைந்தது, டை மறைந்தது, கோட்டுப் பொத்தான் ஒன்று, இரண்டு, மூன்று மறைந்தன, கடைசியில் நாற்காலிக் கையின் மேல் கிடந்த ஒரு இடது கை, அதிலும் சுண்டுவிரல், கதவு உயரத்துக்குத் திரையில் நின்றது. இரண்டாவது கணுவில் வெளிப்பக்கமாகத் திரும்பி, பிறகு வேண்டாமென்று மனசு மாறி உள்ளே திரும்பியிருந்த விரல். நகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு. அம்மாசை பைக்குள் தன் விரலை மடக்கினார். திரையில் இருந்தது மடங்கவில்லை. மடங்கியிருந்தால் அவர் அங்கேயே மயங்கியிருப்பார். "இந்த விரலைப் பாருங்கள்," என்றார் பேராசிரியர், நிறுத்தி நிறுத்தி. "இது வளைந்திருக்கவில்லை. வினவுகிறது. அதிகாரத்தின் உடலில் ஓவியர் சொருகிய ஐயம் இது. நீதிபதியின் கையில் இதைக் காண்கிறோம். மாவட்ட ஆட்சியரின் கையில் காண்கிறோம். ஆலை அதிபரின் கையில் காண்கிறோம். இதற்கு நான் இந்நூலில் ஒரு பெயர் சூட்டியிருக்கிறேன். மருதாசல வளைவு." மாணவர்கள் பதினொரு பேரும் எழுதிக்கொண்டார்கள். அம்மாசைக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர் போலக் கேட்டது. மருதாசல வளைவு இறங்குங்க, இறங்குங்க.

ஐயமும் இல்லை, ஒன்றும் இல்லை. பேல் கட்டுகிற இரும்புப் பட்டை. அவருக்குப் பத்தொன்பது வயதில், ஒரு சனிக்கிழமை, இறுக்கிய பட்டை அறுந்து விரல் மேல் அடித்தது. அவசரத்தில் ஒரு கம்பவுண்டர் கட்டுப் போட்டான், கட்டைப் பிரித்தபோது விரல் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்துத்தான் ஓவியர் மில்லுக்கு வந்தார், முதலாளியைப் படம் போட. முதலாளி பதினோரு நிமிஷம் உட்கார்ந்தார், அதற்குள் ஆறு போன். "முகம் பார்த்தாச்சில்ல? மத்ததை நீங்களே போட்டுக்கங்க" என்று கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஓவியர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், பேல் சீட்டில் கையெழுத்துக்காக அம்மாசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி பத்து நிமிஷமாக. அசையாமல். ஓவியர் நின்று பார்த்தார். "ஏப்பா, உனக்குக் கால் மரத்துப் போகாதா?" "போகுமுங்க. போனாப் போகட்டும்னு உட்டுருவனுங்க." அந்த ஒரு பதிலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வா என்றார். போனார். கோட்டை மாட்டினால் தைத்து வைத்தது மாதிரி பொருந்தியது. ஊரில் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் மார்பு நாற்பது அங்குலம் என்பதும் தனக்கும் அதே நாற்பது என்பதும் அம்மாசைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய மனுஷர்கள் முகத்தைக் காட்ட ஒரு அரை மணி வருவார்கள், துணியை அனுப்பிவிடுவார்கள், துணிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாசை உட்காருவார். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் அம்மாசை. தலையிலிருந்து கால் வரைக்கும் அவங்கதான்னு அவங்க நம்பணும்." "ஆகட்டுங்க. ஆனா இந்த விரலை மட்டும் நேராப் போட்டுருங்களேன்." ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "இருக்கறதைத்தான் போடுவேன். நேரா வேணும்னா வேற விரலைக் கொண்டா." வேற விரலுக்கு அம்மாசை எங்கே போவது? அப்படியே விட்டுவிட்டார்கள். முதலாளியும் கண்டுபிடிக்கவில்லை. தன் முகம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பவன் விரலையா பார்க்கப் போகிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் கோர்ட்டு நீதிபதி. அந்தக் கறுப்பு அங்கிக்குள் எறும்பு இருந்தது. எறும்பு முதுகில் மேலே ஏறுகிறது, நீதிபதி அசையக்கூடாது, ஓவியர் மடிப்பு போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாசை கூரை ஓடுகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. எறும்பு இறங்குகிற வரைக்கும் திருப்பித் திருப்பி எண்ணினார். எழுபத்துநாலில் டாக்டர். எழுபத்தாறில் ஒரு பஸ் கம்பெனி அதிபர். அவர் வைர மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்திருந்தார். அது அம்மாசை விரலில் ஏறியது, இறங்கவில்லை. திங்கட்கிழமை வைர மோதிரத்தோடு மில் கிடங்குக்கு எப்படிப் போவது? கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போனார். "என்னாச்சு அம்மாசை?" "நகச்சுத்துங்க." செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் மாராத்தாள் விளக்கெண்ணெய் போட்டு உருவினாள். அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் இலையைப் போடும்முன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள், "இன்னைக்கு யாரு நீ?" "காலேஜ் பிரின்ஸ்பால்." "அப்ப ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்கொ பிரின்ஸ்பால், குழாயில நின்னு போயிரும்." நீதிபதியாக இருந்த அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரியோடு நடந்த சண்டையை அவரிடம் கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டாள். ஒருமுறை ஓவியர், "உன் மூஞ்சியையும் ஒண்ணு போடறனே" என்றார். அம்மாசைக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாமுங்க. மூஞ்சின்னா எல்லாரும் பாப்பாங்க." ஆக மொத்தம் இருபத்திரண்டு வருஷத்தில் இருபத்துமூன்று பேர். இருபத்துமூன்று பெரிய மனுஷர்களாக உட்கார்ந்தவர், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரக் கூச்சப்படுகிறவர்.

விளக்கு போட்டார்கள். அம்மாசை கையைப் பைக்குள் இன்னும் ஒரு அங்குலம் இறக்கினார். அடுத்தது மில் அதிபர் கோகுல், கோவர்த்தனத்தின் பேரன். நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கலகலப்பான ஆள். "எனக்குக் கலை கிலை எல்லாம் தெரியாதுங்க. ஆனா புரொபசர் ஒரு விஷயத்துல தப்புப் பண்ணிட்டார். அது ஓவியர் சொருகுன விரல் இல்லைங்க, எங்க தாத்தா விரல்! எங்க வீட்டு ஹால்ல அந்தப் படத்துக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன். எங்கப்பா சொல்லுவார், இது நம்ம குடும்ப விரல்டான்னு. இதோ பாருங்க." இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலைப் பாடுபட்டு வளைத்துக் காட்டினார். "எனக்குக் கொஞ்சம் கம்மி. என் பையனுக்கு நல்லா வந்திருக்குது." முதல் வரிசையில் ஏழு வாரிசுகளும் தலையாட்டினார்கள். அதில் மூன்று பேர் தங்கள் தங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டதை அம்மாசை பார்த்தார். நீதிபதியின் பேத்தி விரலை நாசூக்காக வளைத்துக்கூடப் பார்த்தாள். அடப் பாவமே என்றிருந்தது அவருக்கு. ஒரு கம்பவுண்டர் கோணலாகக் கட்டிய கட்டு கோயமுத்தூரில் எத்தனை குடும்பத்துக்குப் பரம்பரையாகப் போயிருக்கிறது. சிரிப்பு வந்தது. அது பயமாக மாறியது. இப்போது இந்தக் கையை நீட்டினால் ஏழு குடும்பமும் எழுந்து போகும், அஞ்சு வருஷம் வீடு வீடாக அலைந்து, கேட்டைத் திறக்காத வீட்டிலெல்லாம் நின்று படம் பிடித்துப் புத்தகம் கொண்டுவந்த சாருமதிக்கு நாளைப் பத்திரிகையில் சிரிப்புதான் மிஞ்சும். ஓவியர் மற்றவர்கள் கையை ஒட்டுப் போட்டார் என்பார்கள். செத்து ஒன்பது வருஷம் ஆன மனுஷனுக்கு இது தேவையா? அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதெல்லாம் அவள் ஊட்டியில் ஹாஸ்டலில் இருந்தாள், விடுமுறைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மோர் குடிக்கிற மில் தொழிலாளி என்று மட்டும் தெரியும். இப்போது பிரதி வாங்க வேண்டும். புத்தகத்தை ஒரு கையால் வாங்க முடியுமா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஒற்றைக் கையை நீட்டினால் திமிர் என்பார்கள். பையோடு சேர்த்து நீட்டினால் பிச்சை என்பார்கள். பக்கவாதம் வந்தவன் போல இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டால்? சாருமதி போன மாசம்தான் வீட்டுக்கு வந்து, அந்தக் கையால் அவர் தேங்காய் உரித்துக் கொடுக்க, வாங்கிப் போயிருக்கிறாள். கழிவறைக்குப் போய்விடலாம் என்று எழுந்தபோது மைக் பெண், "மூன்றாவது பிரதியைப் பெற்றுக்கொள்ள, ஓவியரின் நெடுநாள் நண்பர், பெரியவர் திரு. அம்மாசை அவர்களை மேடைக்கு" என்றாள். எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏழு படி. பையை எங்கேயோ தவறவிட்டுவிட்டார், எந்தப் படியில் என்று அவருக்கே தெரியாது. பேராசிரியர் பளபளப்பான கண்ணாடித் தாளில் சுற்றிய புத்தகத்தை நீட்ட, அம்மாசையின் இரண்டு கையும் அவரைக் கேட்காமலே எழுந்து நீண்டன. கனம் மூன்று கிலோ இருக்கும். கீழே விழாமல் இருக்க இடது கை அடியில் போய்ப் பிடித்தது, சுண்டுவிரல் அட்டையின் விளிம்பில் வெளியே நின்றது, அட்டையில் அதே விரல். பேராசிரியர் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். அம்மாசை கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா!" என்றார் பேராசிரியர் மைக்கில். "பாருங்கள், ஒரு எளிய ரசிகர்! ஓவியத்தில் உள்ள வளைவைத் தம் விரலிலேயே பாவனை செய்துகொண்டு வந்திருக்கிறார்! இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்!" கைதட்டல். அம்மாசை ஒரு கண்ணைத் திறந்தார். கோகுல் எழுந்து பக்கத்தில் வந்தார். "பெரியவரே, பிரமாதம். ஆனா எங்க தாத்தாவுக்கு இப்படி இல்லைங்க. இன்னும் சித்தெ உள்ளே வரோணும், இப்படி." அவரே அம்மாசையின் விரலைப் பிடித்து உள்ளே அமுக்கினார். வரவில்லை. "விறைப்பா வெச்சிருக்கீங்க. லூஸ் உடுங்க." "உட்டிருக்கனுங்க." "இன்னும் லூஸ்." எலும்பு கடக் என்றது. "வராதுங்க, அது பொறப்புல வரோணும்," என்று கோகுல் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, மாணவர்கள் சிரித்தார்கள். போட்டோக்காரர், "பெரியவரே, கை போதும், மூஞ்சியைக் காட்டுங்க" என்றார். அது ஒன்றுதான் அம்மாசையால் முடியவில்லை.

திரும்பித் தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பை மடியில் இல்லை. தேவையும் இல்லை. நாற்பது பேருக்கு நடுவில் விரலை நீட்டியாகிவிட்டது, ரகசியமும் ரகசியமாகவே இருக்கிறது. கொடுத்த வாக்கு போகவில்லை, சாருமதியின் புத்தகத்துக்கு ஒரு கீறல் இல்லை. மாராத்தாளிடம் போய்ச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். "என்ற விரலு சரியில்லையாமா, அந்த முதலாளி பேரன் திருத்தி உட்டான்." அப்படியே போண்டாவைத் தின்றுவிட்டு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். மைக் பெண் கேள்வி நேரம் என்றாள். ஒரு மாணவி எழுந்து, "சார், மருதாசல வளைவு மொத்தம் எத்தனை ஓவியங்கள்ல வருது?" என்று கேட்டாள். "நல்ல வினா," என்றார் பேராசிரியர். "நூலில் உள்ள ஓவியங்கள் அறுபத்திரண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். அந்தக் கை வருவது மிகச் சரியாகப் பதினேழில்." பதினேழு. அம்மாசையின் தலைக்குள் ஏதோ ஒரு பேல் சரிந்தது. விரலை ஐயம் என்று சொல்லட்டும், அதற்குப் பஸ் நிறுத்தம் மாதிரிப் பெயர் வைக்கட்டும், பாவனை என்று சொல்லட்டும், குடும்ப விரல் என்று சொல்லட்டும், அது அவரவர் வாய். ஆனால் பதினேழு என்பது வாய் அல்ல, கணக்கு. அச்சில் வேறு போட்டுவிட்டார்கள். பதினேழு என்று இனி நூறு வருஷம் இருக்கும், மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், எழுதிக்கொண்டதை இன்னொருத்தனுக்குச் சொல்லுவார்கள். கோவிச்சுக்காதீங்க என்று ஓவியரிடம் மனசுக்குள் சொன்னார். கோவிச்சுக்காதீங்க, பதினேழு இல்லையே, நான் என்ன பண்ணட்டும். "இருபத்துமூணுங்க." யாரோ சொன்னார்கள். எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பதிலிருந்து அது தான்தான் என்று தெரிந்தது. நின்றுகொண்டும் இருந்தார்.

பேராசிரியர் புன்னகைத்தார். "ஐயா, பதினேழு." "பதினேழு விரல் வெளிய தெரியறதுங்க. மடிச்சு வெச்சது ஏழு இருக்குதுங்க. பஸ் கம்பெனிக்காரர் கைத்தடியைப் புடிச்சிருக்கறாரு, உள்ள மடிஞ்சிருக்குது. டாக்டர் கையைக் கட்டிட்டிருக்கறாரு. தலைமையாசிரியர் புத்தகத்துக்கு அடியில வெச்சிருக்கறாரு…" "அது மடிந்திருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" "நான்தானுங்களே மடிச்சேன்." அம்மாசை இடது கையை முன்னால் நீட்டினார், இந்த முறை தானாக. நகத்துக்குக் கீழே வெள்ளைத் தழும்பு. பேராசிரியர் படியிறங்கி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தும் பார்த்தார். கோகுல் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அப்ப எங்க தாத்தா விரலு?" "நேரா இருக்குமுங்க. பேல் சீட்டில கையெழுத்துப் போடறப்பப் பாத்திருக்கன்." "அப்ப என் பையனுக்கு வளைஞ்சிருக்குதே!" "அது அவங்கம்மா வழியில வந்திருக்குமுங்க." பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். அம்மாசை சாருமதியைப் பார்க்கப் பயந்து போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பேராசிரியர் நிமிர்ந்தார். வெளுத்திருந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. "ஒரு நிமிடம். வெளியே தெரிவது பதினேழு. மடித்தது ஏழு. பதினேழும் ஏழும் இருபத்துநான்கு. நீங்கள் சொன்னது இருபத்துமூன்று."

அம்மாசைக்குக் காது அடைத்தது. பதினேழும் ஏழும். எழுந்திருக்கும் முன்பே கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் வராத தப்பு நாற்பது பேர் முன்னால், மைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பொய் சொல்கிறார் என்று நினைக்கிறார்கள், முதல் வரிசையில் நீதிபதியின் பேத்தி உதட்டைச் சுழித்துவிட்டாள், கோகுலுக்கு உயிர் வந்துவிட்டது. "அதானே பாத்தேன்!" மனசுக்குள் வருஷ வரிசையில் எண்ணினார். இருபத்துமூன்று. பின்னாலிருந்து எண்ணினார். இருபத்துமூன்று. "புத்தகத்தைப் பிரிங்க அம்மிணி," என்றார். சாருமதி மேடையிலிருந்து இறங்கி வந்து, அதைப் புத்தக மேஜையில் வைத்துப் பளபளப்புத் தாளைக் கிழித்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, வேகமாக மட்டும் இருந்தாள். மேஜையைச் சுற்றிப் பதினொரு மாணவர்களும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஏசிக்கு வந்த தம்பதியும் வந்தார்கள். பேராசிரியர் தன் பட்டியலை வைத்துக்கொண்டு படிக்க, அவள் புரட்ட, அம்மாசை சொல்லிக்கொண்டே போனார். "நானுங்க." "நானுங்க." "இது நானில்லீங்க, இந்த வக்கீல் அவரே உட்காந்தாரு, தூங்கிட்டாரு." "இது நான், மடிச்சிருக்கேன்." ஒரு மாணவன், "தாத்தா, இந்தக் கலெக்டர்?" என்றான். "நானுங்க கண்ணு. அந்தச் சூட்டுல ரெண்டு அளவு லூஸு, முதுகுல பின் குத்தியிருக்குது." யாரோ சிரித்தார்கள். நீதிபதியின் படம் வந்ததும் பேத்தி, "என்ன சார், தாத்தா அங்கியையுமா போட்டீங்க?" என்றாள். "எறும்பு இருந்துதுங்க" என்றார், அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியாமல். அவள் எழுந்து போவாள் என்று நினைத்தார். அவள் சிரித்துவிட்டாள். பக்கம் புரளப் புரளப் பதினாறு தெரிந்தது, ஏழு மடிந்தது, இருபத்துமூன்று ஆயிற்று. அம்மாசை மூச்சு விட்டார். "இன்னும் ஒன்று இருக்கிறது, கடைசிப் பக்கம்," என்றார் பேராசிரியர்.

சாருமதி புரட்டினாள். அதே தேக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தது ஓவியர். பனியன், மூக்குக் கண்ணாடி, தொண்டையில் தொங்குகிற தோல், நரைத்த மார்பு முடி. நாற்காலிக் கையின் மேல் இடது கை. சுண்டுவிரல் இரண்டாவது கணுவில் வெளியே போய், மனசு மாறி, உள்ளே வந்திருந்தது. நகத்துக்குக் கீழே தழும்பு. "இது கடைசி வருசம் போட்டதுண்ணா," என்றாள் சாருமதி. "கை நடுங்கும், ஒரு நாளைக்கு அரை மணிதான் போடுவார். நான் இந்த விரலைக் கவனிக்கவே இல்லையே. அப்பா விரலு நேராத்தானே இருக்கும்." பேராசிரியர் மெல்லக் கேட்டார், "இதற்கும் நீங்கள் உட்கார்ந்தீர்களா?" "இல்லீங்க. அப்ப நான் போறதை நிறுத்திப் பல வருசம் ஆயிருந்துச்சு." "பின்னே யாரைப் பார்த்து வரைந்தார்?" அம்மாசை தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பு அதே இடத்தில் திரும்பியது. மாணவர்கள் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சாருமதி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள், வைத்துக்கொண்டே நின்றாள், அவரும் எடுக்கவில்லை, கூச்சமாகத்தான் இருந்தது. "சொல்லுங்கண்ணா, உங்க கணக்குல இதை எதுல சேர்க்கிறது?" அம்மாசை ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு உட்பட்டு நெடுநேரம் யோசித்தார். அறுபத்திரண்டு படம். தான் உட்கார்ந்தது இருபத்துமூன்று. அவரவர் கையோடு அவரவர் உட்கார்ந்தது முப்பத்தெட்டு. திருப்பியும் கூட்டினார், திருப்பியும் கழித்தார். இரண்டிலும் சேராமல் மீதி ஒன்று.